லோடு வந்தா போயிருது

சென்ற மாதம் என் வீட்டு இன்டர்நெட் படுத்துவிட்டது. இப்போதெல்லாம் யாரிடமும் வாய்விட்டுப் புகார் சொல்ல முடியாது. செல்போனில் ஒரு செயலியைத் திறக்க வேண்டுமாம். திறந்தேன். 'உங்கள் பிரச்சினை என்ன?' என்று கேட்டு ஐந்து கட்டங்களைக் காட்டியது. என் பிரச்சினை அந்த ஐந்திலும் இல்லை. என் வீட்டில் காலையில் நெட் நன்றாக வருகிறது. வீட்டுக்காரி துணியைக் காயப்போட்டதும் போய்விடுகிறது. இதை எந்தக் கட்டத்தில் போடுவது? எழுத இடமே இல்லை. போனைத் தூக்கிக் கட்டிலில் எறிந்தேன்.

பழைய ஆபீஸ் ஆட்களைப் பார்க்கும்போதெல்லாம், "ஒரு நாளைக்கு உக்காந்து எழுதுங்கண்ணாச்சி" என்பார்கள். சிரித்துவிட்டு வந்துவிடுவேன். அந்த ஐந்து கட்டங்கள் மூட்டிய எரிச்சலில்தான் இப்போது எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

நான் டெலிபோன் இலாகாவில் முப்பத்தைந்து வருஷம் வேலை பார்த்தவன். கூலியாளாகக் குழி தோண்டச் சேர்ந்து, கம்பம் ஏறி, லைன்மேனாகி, கடைசியில் மெக்கானிக் என்ற பேரோடு ஓய்வு பெற்றேன். அதில் முப்பது வருஷம் செம்புக் கம்பியோடுதான் குடித்தனம். செம்புக் கம்பி நியாயமானது. பழுது என்றால் அதற்கு ஓர் இடம் இருக்கும். எலி கடித்த இடம், தண்ணீர் இறங்கிய இடம், லாரி இழுத்துக்கொண்டு போன இடம். தேடிப் போனால் கையில் அகப்படும்.

அப்புறம் இரண்டாயிரத்து எட்டு, ஒன்பது வாக்கில் வீடுகளுக்கு ஒயர்லெஸ் மோடம் கொடுக்க ஆரம்பித்தார்கள். மதுரையில் எங்களுக்கு மூன்று நாள் வகுப்பு. வகுப்பெடுத்தவர் சின்ன வயசு, சுவரில் படம் காட்டி இங்கிலீஷிலேயே பேசினார். மூன்று நாளில் எனக்குப் புரிந்தது மூன்று விஷயம். மோடத்தில் நாலு லைட்டும் எரிய வேண்டும். எரியாவிட்டால் அணைத்துப் போட வேண்டும். மத்தியானச் சாப்பாடு நன்றாக இருந்தது.

அந்த அறிவோடுதான் ஊர் ஊராகப் போனேன். ஏழாயிரம்பண்ணையில் ஒரு வீட்டில் மோடத்தைக் காணவே காணோம். "எங்கம்மா வச்சிருக்கீக?" என்று கேட்டால், அந்த அம்மா இடுப்பிலிருந்து சாவியை எடுத்து இரும்பு பீரோவைத் திறக்கிறார். உள்ளே நகைப்பெட்டிக்குப் பக்கத்தில் மோடம் மினுக் மினுக்கென்று எரிகிறது. பீரோவின் முதுகில் ஓட்டை போட்டு ஒயரை உள்ளே விட்டிருக்கிறார்கள். "விலை கூடுன சாமானாச்சே, வெளிய வைக்கலாமா?" என்றார். இரும்புக்குள்ளே பூட்டினால் அலை வெளியே வராது என்று சொல்லி எடுத்து வெளியே வைத்ததும் நெட் பிய்த்துக்கொண்டு வந்தது. அன்றைக்கு நான் பெரிய மேதை என்று நினைத்துக்கொண்டேன். நாரணாபுரம் வீட்டுக்குப் போகும்வரை அந்த நினைப்பு இருந்தது.

நாரணாபுரத்துக்கு முன் எங்கள் அதிகாரியைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஜெபமணி சார், நாகர்கோவில் பக்கத்துக்காரர். யாரையும் திட்டமாட்டார், குரலை உயர்த்தமாட்டார். கண்ணாடியைக் கழற்றி வேட்டி முனையில் துடைப்பார், அவ்வளவுதான். ஆபீசுக்கு வேட்டியில் வந்த ஒரே அதிகாரி அவர்தான். கண்ணாடி கழன்றால் தொலைந்தோம் என்று எங்களுக்குத் தெரியும்.

அவர் ஒரு புகார்ப் பதிவேடு வைத்திருந்தார். இலாகா கொடுத்தது இல்லை. அவரே ஸ்கேல் வைத்துக் கோடு போட்டது. அதில் மூன்று பத்தி. முதல் பத்தியில் வீட்டுக்காரர் சொன்னதை எழுத வேண்டும். இரண்டாவதில் நாம் கண்டது. மூன்றாவதில் செய்தது. முதல் பத்திக்கு மட்டும் ஒரு சட்டம் வைத்திருந்தார். அவர்கள் என்ன வார்த்தை சொன்னார்களோ அதே வார்த்தையை எழுத வேண்டும், நம் வார்த்தை ஒன்றுகூடச் சேரக் கூடாது. 'போன்ல கர்ரு கர்ருங்குது' என்றால் 'கர்ரு கர்ரு' என்றே எழுத வேண்டும். 'இரைச்சல்' என்று எழுதினால் சிவப்புப் பென்சிலால் சுழித்துவிடுவார். எங்களுக்கு அது கேலிக்கூத்தாக இருந்தது. "படிக்காத சனம் உளறுறதையெல்லாம் எழுதணுமாக்கும்" என்று டீக்கடையில் பேசிக்கொள்வோம். அவர் இல்லாதபோது நாங்கள் எங்கள் இஷ்டத்துக்குத்தான் எழுதினோம்.

நாரணாபுரம் வீடு நீளமான வீடு. இரண்டு தெருவுக்கு நடுவில் இருந்த இரண்டு வீட்டை ஒன்றாக இடித்துச் சேர்த்தது. முன்கட்டு, நடு அறை, பின்கட்டு, வரிசையாக ரயில் பெட்டி மாதிரி. பாண்டியம்மாள் என்று ஓர் அம்மா. பட்டாசு கிப்ட் பாக்ஸ் ஒட்டும் வேலைக்கு ஏஜெண்டாக இருந்தார். பிரஸ்சிலிருந்து வேனில் அட்டை வரும். அக்கம்பக்கத்துப் பெண்கள் வந்து வாங்கிப் போய் வீட்டில் மடித்து ஒட்டிக் கொடுப்பார்கள். மோடம் முன்கட்டில் இருந்தது. கம்ப்யூட்டர் பின்கட்டில். அங்கே அவருடைய மகள் மாரீஸ்வரி, சென்னையில் ஒரு அச்சகத்துக்குக் கல்யாணப் பத்திரிகையும் காலண்டரும் டிசைன் செய்து அனுப்பிக்கொண்டிருந்தாள்.

முதல் தடவை போனபோது நாலு லைட்டும் எரிந்தன. ஆனால் பின்கட்டில் நெட் இல்லை. அந்தப் பெண் வெளியே வரவில்லை. மூடிய கதவுக்குப் பின்னாலிருந்து குரல் மட்டும் வந்தது. "சிக்னல் ஒரு கோடுகூட இல்ல சார்" என்றது.

"எப்பம்மா போகுது?" என்று பாண்டியம்மாளைக் கேட்டேன்.

"லோடு வந்தா போயிருதுங்கண்ணாச்சி. லோடு போனா வந்துருது. யாரு கண்ணு பட்டுச்சோ தெரியல."

மோடத்தின் மேலே எலுமிச்சம்பழமும் மிளகாயும் கோத்துக் கட்டியிருந்தது. நான் சிரித்துக்கொண்டேன். லோடு என்றால் எனக்குத் தெரியாதா? தீபாவளி சீசன். சுற்றிலும் பிரஸ்சுகள் ஓய்வில்லாமல் ஓடுகின்றன. கரண்ட் லோடு ஏறினால் வோல்டேஜ் இறங்கும், மோடம் சுணங்கும். "ஒரு ஸ்டெபிலைசர் வாங்கிப் போடுங்கம்மா" என்று சொல்லிவிட்டு வந்தேன். பதிவேட்டின் முதல் பத்தியில், 'மின்சார ஓவர் லோடு காரணமாக இணைப்புத் துண்டிப்பு' என்று எழுதினேன். படிக்க நன்றாக இருந்தது.

ஸ்டெபிலைசர் வாங்கினார்கள். நாலு நாளில் மறுபடி புகார். போனேன். போன நேரத்தில் நெட் நன்றாக வேலை செய்தது!

"இன்னைக்கு லோடு இல்லல்ல, அதான் நல்லாருக்கு" என்றார் பாண்டியம்மாள்.

அன்று ஞாயிற்றுக்கிழமை, பிரஸ்சுகள் லீவு. என் கணக்குச் சரியாகிவிட்டது என்று சந்தோஷம். ஆனால் டெஸ்டரை வைத்துப் பார்த்தால் வோல்டேஜ் என்றைக்கும் போலத்தான் இருந்தது. அப்படியானால் கரண்ட் லோடு இல்லையோ? நெட்டில் ஆள் கூடினால் வருகிற லோடோ? எக்ஸ்சேஞ்சில் கேட்டேன், அந்தப் பக்கம் மொத்தமே பத்து கனெக்ஷன்தான், லோடாவது கீடாவது என்றார்கள். எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. அன்றே மோடத்தை மாற்றினேன். பழைய மோடம் ஆபீசில் ஒழுங்காக வேலை செய்தது. புதிய மோடம் போட்ட பிறகும் பின்கட்டில் நெட் இல்லையென்று மூன்றாவது புகார் வந்தது. போய்க் கம்பத்திலிருந்து வருகிற ஒயரை மாற்றினேன். நாலு லைட்டும் என்னைப் பார்த்துக் கண்ணடித்தன.

இந்த மூன்றாவது தடவை எனக்குக் கோபம் வந்துவிட்டது. மோடம் இருக்கிற முன்கட்டில் எல்லாம் சரியாக இருக்கிறது, பின்கட்டில்தான் இல்லை. மூடிய கதவைப் பார்த்துக் கத்தினேன்.

"ஏம்மா, கம்ப்யூட்டரைத் தூக்கிட்டு வந்து முன்கட்டுல வச்சு வேல பாத்தா என்ன? எல்லாம் தீந்துச்சுல்ல?"

பாண்டியம்மாள் கையைப் பிசைந்தார். "காப்பி குடிக்கீகளாண்ணாச்சி?" என்றார். எனக்கு இன்னும் எரிச்சல். "சரி, ஒயரை இழுத்து மோடத்தையே உள்ள வச்சிருவோம். அதுவும் வேணாமா?"

"ஒயரா!" அந்த அம்மா பதறிப்போனார். "ஒயர் வேணாம்னுதானண்ணாச்சி ஒயர்லெஸ்ஸு வாங்குனோம்? பேப்பர் அடுக்குற அறையில ஒயர் போகவே கூடாது. ஒரு பொறி போதும்ல."

டெலிபோன் ஒயரில் பொறி வராது என்று எத்தனை சொல்லியும் ஏறவில்லை. அப்போதுதான் கவனித்தேன், நடு அறையில் ஒரு பல்புகூட இல்லை. கூரையில் பதித்த கண்ணாடி ஓட்டு வழியாக வருகிற வெளிச்சம்தான். பின்கட்டுக்குப் பின்தெரு மீட்டரிலிருந்து தனியாகக் கரண்ட். பின்தெருவில் எங்கள் கம்பம் கிடையாது, அந்த வழியாகப் போன் கொடுக்கவும் வழியில்லை.

கதவுக்குப் பின்னாலிருந்து அந்தப் பெண் பேசினாள். "சார், முன்கட்டுக்கு ஒரு நாளைக்கு நாப்பது பேரு வந்து போறாக. ஒருத்தர் 'அய்யோ பாவம்'னா கேட்டுக்கிறலாம். நாப்பது பேரும் சொன்னா நான் எப்பிடி சார் வேல பாக்க?"

எனக்கு விளங்கவில்லை. வாசலுக்கு வந்து வண்டியை எடுக்கும்போது பாண்டியம்மாள் குரலைத் தாழ்த்திச் சொன்னார். மாரீஸ்வரி இரண்டு வருஷத்துக்கு முன்னால் தாயில்பட்டிப் பக்கம் ஒரு பட்டாசு ஆலைக்குக் கணக்கெழுதப் போனவள். விபத்து. முகத்திலும் கையிலும் தீ. உயிர் பிழைத்ததே பெரிசு. அன்றிலிருந்து அந்த அறையை விட்டு ஆள் இருக்கும்போது வெளியே வருவதில்லை. "இந்த வேலைதாண்ணாச்சி அவளுக்குன்னு இருக்கிற ஒண்ணே ஒண்ணு. ரெண்டு மட்டம் டிசைன் பிந்திப்போச்சு. இன்னொரு மட்டம் பிந்துனா வேற ஆளப் பாத்துக்கிறோம்னு மெட்ராஸ்காரக சொல்லிட்டாக. வர்ற வெள்ளிக்கிழமை நாலு மணிக்குள்ள ஒண்ணு போயாகணும்."

என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ள வேண்டும் போல இருந்தது. முன்கட்டுக்கு வா என்று அவளைப் பார்த்தா கத்தினேன்!

வெள்ளிக்கிழமை மத்தியானம் பதிவேட்டோடு ஜெபமணி சார் முன்னால் நின்றேன். ஒரே வீட்டுக்கு மூன்று பதிவு. படித்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"அந்தம்மா என்ன சொன்னாங்க வேய்?"

"எழுதியிருக்கேனே சார். ஓவர் லோடு…"

"நீரு எழுதினதை நான் படிச்சாச்சு. அவங்க வாயால சொன்னதைச் சொல்லும்."

யோசித்துச் சொன்னேன். "லோடு வந்தா போயிருது, லோடு போனா வந்துருது."

"கரண்டுன்னு சொன்னாங்களா?"

"இல்ல சார்."

"பின்னே கரண்டு எங்கயிருந்து வந்துது?"

"நான்… போட்டுக்கிட்டேன் சார்."

கண்ணாடியைத் துடைத்து முடித்து மாட்டிக்கொண்டார். "எனக்கு ஒயர்லெஸ்ஸும் தெரியாது, ஒரு மண்ணும் தெரியாது. ஆனா நான் நாகர்கோவில்காரன், நீரு இந்த ஊர்க்காரன். இந்த ஊர்ல லோடுன்னா என்னன்னு நானா உமக்குச் சொல்லணும்? போய் அந்தம்மாகிட்ட, எந்த லோடுன்னு ஒரு வார்த்தை கேட்டுட்டு வாரும்."

வண்டியில் போகிற வழியெல்லாம் குழப்பம்தான். பிறந்ததிலிருந்து கேட்கிற வார்த்தை. லாரிக்கு லோடு, வேனுக்கு லோடு, லோடு ஏத்தியாச்சா, லோடு இறக்கியாச்சா. அது எப்படி நெட்டைப் போகவைக்கும்? லோடுமேனா வந்து ஒயரைப் பிடுங்குகிறான்?

போய்ச் சேரும்போது மணி இரண்டைத் தாண்டிவிட்டது. "அம்மா, லோடு லோடுங்கீகளே, எந்த லோடும்மா?" என்று கேட்டேன்.

பாண்டியம்மாள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "வேறென்ன லோடு? இந்தா, இந்த லோடுதான்" என்று நடு அறையைக் காட்டினார்.

தரையிலிருந்து கூரைவரை, இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர்வரை, கிப்ட் பாக்ஸ் அட்டைக்கட்டு. பின்கட்டுக்கு ஓர் ஆள் ஒருக்களித்துப் போகச் சுவரோரம் வளைந்த வழி, அவ்வளவே. ஞாயிற்றுக்கிழமை நான் பார்த்தபோது அந்த அறை காலியாக இருந்தது. மற்ற நாளில் நிறைந்திருந்தது. இரண்டையும் பார்த்தவன்தான் நான். ஒரு கட்டைப் பிரித்து அட்டையை எடுத்தேன். பளபளவென்று என் முகமே அதில் தெரிந்தது. சில்வர் பாயில் என்கிற மெல்லிய அலுமினியத் தாள் ஒட்டிய அட்டை! பீரோ இரும்பு என்பது பார்த்தாலே தெரியும். அட்டையும் ஒரு பீரோதான் என்று எனக்கு எங்கே தெரியும்? அந்தப் பெண்ணை அல்லவா வாரம் இரண்டு தடவை பீரோவுக்குப் பின்னால் வைத்துப் பூட்டிக்கொண்டிருந்தார்கள்!

"அம்மா, நடுவுல ஒரு சந்து விடணும். நேரா, முன்கட்டுலருந்து பின்கட்டுக் கதவு வரைக்கும். வாங்க, பிடிங்க."

கதவுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. "சந்து விட்டா நெட்டு மட்டுமா சார் வரும்?"

"வேற என்னம்மா வரும்?" என்றேன். எனக்குச் சத்தியமாகப் புரியவில்லை. அவள், "கதவு திறந்து இருக்கணுமா?" என்று கேட்டாள்.

"வேணாம்மா. மரக்கதவுதான, மூடியிருந்தாலும் வரும்."

நானும் பாண்டியம்மாளும் கட்டுகளைத் தூக்கி முன்கட்டின் ஓரத்தில் போட்டோம். ஒரு வரிசை எடுத்ததும், "ஒண்ணும் இல்ல சார்" என்றது குரல். இரண்டாவது வரிசை. "ஒரு கோடு சார்!" என் இடுப்பு விட்டுப்போனது. மூன்றாவது. "மூணு கோடு! மூணு கோடு வந்துருச்சு சார்!" நான் காரணத்தைக் கண்டுபிடித்து அதனால் ஒயர்லெஸ் சரியானது என் வாழ்க்கையில் அது இரண்டாவது தடவை.

மூன்றரைக்கு பைலை அனுப்ப ஆரம்பித்தாள். பெரிய பைல், இருபது நிமிஷம் பிடிக்கும் என்றாள். இருபது சதவீதம் என்றாள், முப்பது என்றாள், நாற்பது என்றாள். நான் சட்டையைக் கழற்றி விசிறிக்கொண்டிருந்தேன்.

அப்போது வாசலில் ஹாரன் சத்தம். அடுத்த லோடு!

வேன் டிரைவருக்கு சாத்தூர் போக வேண்டுமாம், அவசரம். மூன்று லோடுமேன்கள் தலையில் கட்டோடு மடமடவென்று உள்ளே வந்தார்கள். காலியிடம் எங்கே இருக்கிறது? எங்கள் சந்துதான் இருக்கிறது. தொம் தொம்மென்று போட்டார்கள். "அங்கன போடாதீகப்பா, பத்து நிமிசம்" என்று நான் கையை விரித்துக்கொண்டு நின்றேன். "நீரு யாருய்யா?" என்றான் ஒருவன். பனியனோடு நிற்கிறவனை யார் மதிப்பார்கள்? பாண்டியம்மாள் டிரைவரிடம் சண்டை போடத் தெருவுக்கு ஓடினார்.

"அறுபதுல நின்னுருச்சு சார்!" என்று உள்ளேயிருந்து அலறல். "சார்! கோடு போயிருச்சு!"

நான் ஒரு கட்டைத் தூக்கினால் அவர்கள் இரண்டைப் போடுகிறார்கள். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

கதவு திறந்தது.

இடது கன்னத்திலிருந்து கழுத்துவரை தோல் சுருங்கி மினுமினுத்தது. இடது கையில் இரண்டு விரல் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. சுவரோர வழியாக அந்தப் பெண் வந்து லோடுமேன்களுக்கு நேர் எதிரே நின்றாள். மூன்று பேரும் தலைச்சுமையோடு அப்படியே நின்றுவிட்டார்கள். வயசாளி ஒருவர், "அய்யோ, தாயி…" என்று ஆரம்பித்தார்.

"அதெல்லாம் அப்புறமாச் சொல்லுங்கண்ணே" என்றாள். "மொதல்ல இத எடுங்க. என் வேல போயிரும்."

அந்த வயசாளி தலையிலிருந்ததை வாசலுக்குக் கொண்டுபோய் இறக்கினார். திரும்பி வந்து சந்தில் போட்டதைத் தூக்கினார். "ஏலே, நின்னு என்னலே வேடிக்க பாக்குறீக? எடுங்கலே" என்று மற்ற இருவரையும் விரட்டினார். இரண்டு நிமிஷத்தில் சந்து காலி. அவள் உள்ளே ஓடினாள். டிரைவரும் வந்து பார்த்துவிட்டுப் பீடியைக் காதில் செருகிக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். எல்லாரும் அவரவர் இடத்தில் உட்கார்ந்து அந்தக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

நாலு மணிக்கு ஐந்து நிமிஷம் இருக்கும். "போயிருச்சு!" என்று சத்தம்.

"மறுபடியும் போச்சா? எவன்டா போட்டான்?" என்று எழுந்தேன்.

"அய்ய, நெட்டு இல்ல சார்! பைலு! பைலு போயிருச்சு!"

லோடுமேன்கள் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் கேட்கிறது. பாண்டியம்மாள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார்.

மறுநாள் பதிவேட்டில் முதல் பத்தியில், 'லோடு வந்தா போயிருது, லோடு போனா வந்துருது' என்று எழுதினேன். செய்தது என்ற பத்தியில், 'சந்து விடப்பட்டது' என்று மட்டும் போட்டேன். ஜெபமணி சார் சிவப்புப் பென்சிலை எடுத்தார், பிறகு கீழே வைத்துவிட்டார்.

தீபாவளி கழிந்து இரண்டு மாதம் இருக்கும், காலண்டர் சீசன். அதே தெருவில் வேறொரு வீட்டுக்குப் போனவன் எட்டிப் பார்த்தேன். முன்கட்டில் அட்டை வாங்க வந்த பெண்கள் ஏழெட்டுப் பேர் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார்கள். நடு அறையில் கூரைவரை தங்க பாயில் அட்டை, இரண்டு பக்கமும். நடுவில் நேராகச் சந்து. அந்தச் சந்தின் முடிவில் அவள் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருப்பது வாசலிலிருந்தே தெரிந்தது. தலையைத் தூக்கிப் பார்த்தாள்.

"சார், லோடு வந்துருக்கு!" என்று சத்தம் போட்டாள். "நெட்டும் இருக்கு!"

மரக்கதவுதான், மூடியிருந்தாலும் நெட் வரும் என்று அவளிடம் நான் சொல்லியிருந்தேன். ஆனாலும் கதவை விரியத் திறந்து, அசையாமலிருக்க ஒரு அட்டைக்கட்டை முட்டுக் கொடுத்து வைத்திருந்தாள்.